நின் கை நெகிழ்க

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, ஜெசி. அதுதான் பிரச்சினையே," என்றாள் பத்மலோசனி.

ஜெசிந்தா சிரித்தாள். எதிரில் இருந்தவள் சிரிக்காததைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

சுவரை அடைத்திருந்த திரையில், கடற்கரை மணலில் குந்தியிருந்து எயினி மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஆதன் தணலிலிருந்து ஒரு துண்டை எடுத்து அப்படியே வாயில் போட்டு, நாக்கைச் சுட்டுக்கொண்டு குதித்தான். எயினியின் அண்ணன் பிட்டன் மணலில் புரண்டு சிரித்தான். அவர்கள் யாரும் நடிகர்கள் இல்லை. கொற்கையில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், அவர்கள் உண்மையாகவே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏரலுக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே 'முன்னாள் மீடியா' போட்டிருந்த தகரக் கொட்டகைக்குள், கண்ணாடிப் பெட்டி ஒன்றில் அந்தத் துளை இருந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலம். அதன் மறுபக்கம் பழைய கொற்கை. ஈ அளவுள்ள காமிராக்கள் அதன் வழியே போய், தாழம்புதர்களிலும் குடிசைக் கூரைகளிலும் உட்கார்ந்துகொண்டு, அங்கே நடந்ததை எல்லாம் இங்கே அனுப்பின. இங்கே பொழுது விடியும்போது அங்கேயும் விடிந்தது. நான்கு கோடிப் பேர் தினமும் பார்த்தார்கள்.

ஜெசிந்தா தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தவள். அந்த மக்கள் பேசியதை இன்றைய தமிழில் எழுதிக் கொடுக்கத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பிறகு, நிகழ்ச்சியை நாவலாக எழுதச் சொன்னார்கள். அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்தவர்களை அவளால் பெயர் சொல்லி எண்ணிவிட முடியும். 'கொற்கை' முதல் நாவலோ பேருந்து நிலையக் கடைகளில் தொங்கியது. திருச்செந்தூர் பஸ்ஸில் ஒரு பெண் அதைப் படித்தபடி இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டதை ஜெசிந்தா பின்சீட்டிலிருந்து பார்த்தாள். அன்றைக்கு முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

"மூணு மாசமா இதேதான் ஓடுது. குளிக்கிறாங்க, வலை பின்னுறாங்க, மீன் சுடுறாங்க, சிரிக்கிறாங்க," என்றாள் லோசனி. நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் அவள். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. "ஜனங்க வேற சேனலுக்குப் போய்ட்டாங்க. உங்க ரெண்டாவது நாவல் கடைசி எபிசோடு அன்னிக்கு வெளிவரணும். அதுல ஒரு முடிவு வேணும்."

"இன்னும் நடக்காததை எப்படி எழுதுறது, மேடம்?"

"நீங்கதானே எழுத்தாளர்? உங்களுக்குத் தோணுறதை எழுதுங்க. அங்க வேற மாதிரி நடந்தா, இது நாவல், கற்பனைன்னு சொல்லிக்கலாம்."

ஜெசிந்தாவுக்கு அது பிடித்திருந்தது. நடந்ததை நகலெடுத்து அலுத்திருந்தாள்.

இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். முடிவு தானாகவே வந்தது. அவள் அப்பா சங்கு குளித்தவர். அவர் கடலுக்குள் போகும்போது மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருந்தவர் அவளுடைய தாய்மாமன். கயிறு பிடிக்க எப்போதும் மச்சான்தான். மற்றவன் அசந்துவிடலாம், காசு வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். மச்சான் விடமாட்டான், விட்டால் தாலியறுப்பது அவன் கூடப்பிறந்தவள். கொற்கையிலும் அதே வழக்கம் இருப்பதை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது அவள் அழுதிருக்கிறாள். போன பருவத்தில் ஆதன் முத்தெடுக்கக் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினான், பிட்டன் கயிற்றைப் பிடித்திருந்தான்.

நாவலில் பிட்டன் கயிற்றை விட்டுவிடுகிறான். துறையில் உறையும் அணங்கு ஒன்று அவனிடம் உயிர்ப்பலி கேட்கிறது. அவன் பயந்து கையைத் தளர்த்துகிறான். அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தபோது ஜெசிந்தாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இதைவிடக் கொடுமையாக ஒன்றை யாராலும் யோசிக்க முடியாது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் ஒரு பெருமையும் இருந்தது.

லோசனி ஒரே மூச்சில் படித்துவிட்டுப் போன் செய்தாள். "பிரமாதம். அந்த அணங்கு பேசுற இடத்தை மட்டும் பழைய தமிழ்லயே எழுதித் தாங்க. ஆடியோ புத்தகத்துக்கு."

ஜெசிந்தா எழுதிக் கொடுத்தாள். மூன்றே வரி. 'பிட்ட! யான் இத்துறை உறையும் அணங்கு. கடல் ஓர் உயிர் வேண்டும். நின் கை நெகிழ்க.' எப்படி உச்சரிப்பது என்பதையும் தானே பேசிப் பதிவுசெய்து அனுப்பினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். உச்சி வெயில் நேரம். கட்டுப்பாட்டு அறையில் வழக்கத்தைவிடக் கூட்டம். திரையில் பிட்டன் தன்னந்தனியாகத் தாழங்காட்டில் ஓலை அறுத்துக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு பாட்டை முனகினான்.

"பிட்ட!" என்றது புதர்.

அவன் கையிலிருந்த அரிவாள் கீழே விழுந்தது. ஜெசிந்தாவின் கையிலிருந்த டீயும் சிந்தியது. அது அவளுடைய குரல். ஆழப்படுத்தி, கரகரப்பாக்கி, கடலின் இரைச்சலைக் கலந்து, புதருக்குள் ஒளித்துவைத்த சின்ன ஒலிபெருக்கி வழியே விட்டிருந்தார்கள். இருந்தாலும் தன் குரலை அவளுக்குத் தெரியாதா?

"யான் இத்துறை உறையும் அணங்கு…"

பிட்டன் மணலில் முகம் குப்புற விழுந்தான். மூன்று வரியும் முடிந்தபின்பும் எழுந்திருக்கவில்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கியது. பிறகு எழுந்து, தன் வலது கையை ஏதோ பிறத்தியார் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"நாளை மறுநாள் சிலாபம் தொடங்குது," என்று யாரோ சொன்னார்கள். முத்துக்குளிப்புப் பருவத்தின் முதல் நாள்.

ஜெசிந்தா லோசனியின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க மேடம்? அவன் நெசமாவே விட்டுருவான்!"

"விட்டாத்தானே உங்க முடிவு?"

"அது நாவலு! ஒரு மனுசன் சாவப்போறான்!"

"ஜெசி, உக்காருங்க." லோசனி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். "ஆதன் செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. அவன் எப்படிச் செத்தாங்கிறது மட்டும்தான் இப்ப கொஞ்சம் மாறுது. செத்துப்போனவங்களுக்குச் சட்டத்துல எந்த உரிமையும் கிடையாது, எங்க வக்கீலுங்க எழுதியே குடுத்திருக்காங்க. யாரையும் நாம தொடல. பேசினோம், அவ்வளவுதான்."

"நான் பேசினேன்."

"ஆமா. ரொம்ப அழகா."

வெளியே வந்து வாழைத்தோட்டத்து வாய்க்கால் கரையில் நின்றாள். குருபரன் அங்கே பீடி குடித்துக்கொண்டிருந்தார். துளையைப் பராமரிக்கும் பொறியாளர். பாளையங்கோட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

"அங்க நாம எதையாவது மாத்துனா, இங்க ஒண்ணும் மாறாதா சார்?" என்று கேட்டாள்.

"மாறாது டீச்சர். ஆத்துலேர்ந்து வாய்க்கா வெட்டுன மாதிரின்னு வச்சுக்கிடுங்க. நாம ஓட்டை போட்ட நிமிசத்துலயே அது தனியாப் பிரிஞ்சிட்டு. அந்தத் தண்ணி இனி நம்ம பக்கம் திரும்பாது. அதனாலதான் இவங்களுக்கு இவ்வளவு தைரியம்."

"அப்படின்னா அந்த வாய்க்கால்ல இருக்கவங்க செத்துப்போனவங்க இல்ல. இந்த நிமிசம் உயிரோட இருக்காங்க."

குருபரன் பீடியைத் தரையில் தேய்த்தார். "இத்தனை வருசத்துல ஒருத்தரும் எங்கிட்ட இதைக் கேட்டதில்ல டீச்சர்," என்றார்.

"எனக்கு அந்தப் புதர்ல பேசுற மைக் வேணும். அஞ்சு நிமிசம்."

"என் வேலை போயிரும்."

"ஆமா சார், போயிரும்."

மறுநாள் அதே உச்சி வெயிலில், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, அவர் அவளைப் பின்கதவு வழியாக உள்ளே விட்டார். பிட்டன் தாழங்காட்டில் இருந்தான். அவன் வருவான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கலயம் கள்ளும் கைநிறைய நெய்தல் பூவும் கொண்டுவந்து புதரடியில் வைத்துவிட்டு, முழங்காலிட்டிருந்தான். தூங்காத கண்கள்.

குருபரன் மைக்கின் பச்சை விளக்கைப் போட்டார்.

ராத்திரி முழுக்க அவள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்த வாக்கியங்கள் எல்லாம் ஓடிவிட்டன. "பிட்ட!" என்றாள். அவன் நடுங்கினான். தான் அறிந்த தமிழிலேயே பழமையான, கம்பீரமான சொல்லைத் தேடிப் பிடித்தாள்.

"கயிறு விடல்! பிட்ட, கயிறு விடல்!"

அவன் தலையைத் தூக்கினான். முகத்தில் குழப்பம். "விடவோ?" என்றான். "விடாதிருக்கவோ?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய இலக்கணத்தில் அந்தச் சொல்லுக்கு 'விடாதே' என்றும் பொருள் உண்டு, 'விடு' என்றும் பொருள் உண்டு. வகுப்பில் இதைப் பத்து ஆண்டுகள் நடத்தியிருக்கிறாள். பாட்டில் வந்தால் முன்னும் பின்னும் பார்த்துப் பொருள் சொல்லலாம். புதருக்கு முன்னால் செத்துப் பிழைத்துக்கொண்டிருப்பவன் எதைப் பார்ப்பான்?

"விடாதே! விட்டுராதே பிட்டா, கெட்டியாப் பிடிச்சுக்கோ!" என்று இன்றைய தமிழில் கத்தினாள். பச்சை விளக்கு ஏற்கெனவே அணைந்திருந்தது.

"நான் அணைக்கல டீச்சர்," என்றார் குருபரன். "மேலேர்ந்து வெட்டிட்டாங்க."

திரையில் பிட்டன் புதரைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். விடவோ, விடாதிருக்கவோ? காற்றில் தாழையோலை உரசியது. அதைக்கூடப் பதில் என்று எண்ணிக் காதைக் கொடுத்துக் கேட்டான். பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தான்.

சிலாபத்தின் முதல் நாள் காலை. துறையில் நாற்பது வள்ளங்கள். பறை முழங்கியது. பெண்கள் கரையில் நின்று குலவையிட்டார்கள். ஜெசிந்தாவை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு ஒரு நாற்காலிகூடப் போட்டிருந்தார்கள். குருபரனின் இடத்தில் வேறொருவர் இருந்தார்.

ஆதன் வள்ளத்தில் ஏறிவிட்டு, "பிட்ட, வா!" என்று கூப்பிட்டான். பிட்டன் கரையில், குளியாட்கள் காலில் கட்டிக்கொள்ளும் கற்கள் குவிந்து கிடந்த இடத்தில் நின்றான். அவற்றில் பெரியதாக ஒன்றை இடது கையால் தூக்கினான். வலது கையை ஒரு பாறைமேல் விரித்து வைத்தான். அவன் என்ன செய்யப் போகிறான் என்று கரையில் நின்றவர்கள் யோசிப்பதற்குள் கல் இறங்கியது. ஒரு தடவை இல்லை. மூன்று தடவை.

கேட்ட தெய்வத்துக்கும் சரி, தடுத்த தெய்வத்துக்கும் சரி, இனிமேல் அந்தக் கை கிடையாது. அவனால் யோசிக்க முடிந்த வழி அது ஒன்றுதான்.

எயினி அலறியபடி ஓடிவந்து அண்ணனின் கையைத் தன் முந்தானையில் சுருட்டினாள். ஆதன் வள்ளத்திலிருந்து குதித்து வந்தான். ஏன், ஏன் என்று கேட்டார்கள். பிட்டன் வாயைத் திறக்கவில்லை. அணங்கின் பேச்சை வெளியே சொன்னால் அது குடும்பத்தையே வாரிக்கொண்டு போய்விடும் என்று அவர்கள் நம்பினார்கள்.

முதல் நாள் கடலுக்குப் போகாதவனுக்கு அந்தப் பருவம் முழுவதும் வள்ளத்தில் இடமில்லை. துறைத்தலைவன் அவசரப்படுத்தினான். ஆதன் போயாக வேண்டியிருந்தது. கயிற்றைப் பிடிக்கக் கீரன் என்று ஒருவன் முன்வந்தான். நல்லவன்தான். உறவில்லாதவன், கயிறு பிடித்துப் பழக்கமில்லாதவன்.

ஆதன் மூன்று முறை இறங்கி ஏறினான். நான்காம் முறை, மேலே தூக்கச் சொல்லிக் கீழேயிருந்து கயிற்றை இழுத்தான். நீரோட்டத்தில் கயிறு ஆடுவதாகக் கீரன் நினைத்தான். பிட்டனின் கைக்கு அந்த வித்தியாசம் தெரியும். நீருக்கடியில் ஒட்டியிருந்த காமிரா எல்லாவற்றையும் காட்டியது. ஆதன் இழுத்ததையும், காத்திருந்ததையும், மறுபடி இழுத்ததையும், பிறகு கால் கல்லை அவிழ்க்கப் போராடியதையும். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். அறையில் இருந்த எவரும் மூடவில்லை.

அன்றைக்கு ஏழு கோடிப் பேர் பார்த்தார்கள்.

ஒரு வாரம் கழித்து லோசனியே தூத்துக்குடிக்கு, ஜெசிந்தாவின் வீட்டுக்கு வந்தாள். பழம், பூ எல்லாம் வாங்கி வந்திருந்தாள். துக்க வீட்டுக்கு வந்தவள்போல மெதுவாகப் பேசினாள்.

"கடைசி அத்தியாயத்தை மட்டும் திருத்திக் குடுங்க ஜெசி. அவன் கையை உடைச்சுக்கிறதைச் சேர்த்து. உங்க முடிவைவிட இது நல்லா இருக்கு, நீங்களே ஒத்துக்குவீங்க."

"வெளிய போங்க."

"நீங்க மைக்ல பேசினதை முதல் நொடியிலயே நான் நிறுத்தியிருக்கலாம். மேல உக்காந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்," என்றாள் லோசனி, அதே மெல்லிய குரலில். "அவன் 'விடவோ'ன்னு கேட்டான் பாருங்க, அந்த இடத்துல நிறுத்தினேன். அதுக்கு முன்னாடி நிறுத்தியிருந்தா அது சாதாரணமா போயிருக்கும்."

ஜெசிந்தா வாசல் கதவைத் திறந்து பிடித்தாள்.

"இன்னொண்ணு சொல்லணும். எயினி மாசமா இருக்கா. அடுத்த சீசன் அந்தக் குழந்தைதான். அவ தினமும் காலையில தாழங்காட்டுக்கு வந்து நின்னுட்டுப் போறா. அந்தக் குரல் அவகிட்ட பேசணும். உங்க குரல் எங்க மெஷின்ல இருக்கு, நீங்க இல்லாமலும் அது பேசும். ஆனா மெஷினுக்கு இரக்கம் கிடையாது. நீங்க இருந்தா அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நல்லது சொல்லலாமே. யோசிங்க."

மூன்று நாள் யோசித்தாள். போலீசுக்குப் போனாள். புகாரை வாங்கியவர், செத்தவரின் இறப்பு நாள் என்ன என்று கேட்டார். பத்திரிகைக்கு எழுதினாள். போட்டார்கள், நிகழ்ச்சியைப் பார்க்கிறவர்கள் இன்னும் கூடினார்கள். குருபரனைப் போய்ப் பார்த்தாள். அவர் சந்தையில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். "நீங்க அங்க திரும்பப் போவாதீங்க டீச்சர்," என்றார். "பேசவே பேசாதீங்க. அவ்வளவுதான் நம்மளால முடியும்."

அவர் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் இயந்திரம் தன் குரலில் அந்தப் பெண்ணிடம் என்னென்ன சொல்லும் என்று நினைத்தபோது அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. நான் பேசினால் நன்றாக இருக்கும், நான் பார்த்துக்கொள்வேன், நான் காப்பாற்றுவேன். இப்படிச் சொல்லிச் சொல்லியே ஏரல் பஸ்ஸில் ஏறினாள்.

கொட்டகையில் புது நாற்காலி போட்டு, முன்னால் மைக்கும், அதன்மேல் அவள் பேச வேண்டிய வரிகள் ஓடும் சின்னத் திரையும் வைத்திருந்தார்கள். வரிகளைத் தானே எழுதிக்கொள்வதாகச் சொல்லி அந்தத் திரையை அணைக்கவைத்தாள். லோசனி மறுப்பே சொல்லவில்லை.

பொழுது நன்றாக விடிந்திருந்தது. எயினி தாழங்காட்டுக்குள் வந்தாள். கழித்த வளைகளின் தடம் மணிக்கட்டில் வெளுத்துத் தெரிந்தது. அண்ணனைப்போல அவள் விழுந்து கும்பிடவில்லை. பூ கொண்டுவரவில்லை. புதருக்கு நேரே நிமிர்ந்து நின்றாள். பிட்டன் காய்ச்சலில் உளறியதிலிருந்து எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் பேசினாள், குரல் நடுங்காமல். "நீ யார் என்று நான் கேட்கவில்லை. என் கணவனை ஏன் எடுத்தாய் என்றும் கேட்கவில்லை. என் அண்ணன் இப்போது காற்று அசைந்தால்கூட எழுந்து உட்கார்ந்து 'விடவோ, விடவோ' என்கிறான். உனக்குக் கள் வேண்டாம், பூ வேண்டாம், பலி வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் வேண்டுகிறேன்." ஒரு கணம் நிறுத்தினாள். "இனி எம்மொடு பேசாதி."

எங்களோடு இனிமேல் பேசாதே.

சொல்லிவிட்டு அவள் போய்விடவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள். மௌனம் வந்தால் வேண்டுதல் பலித்தது என்று பொருள். ஒரு பறவை கத்தியது. எயினியின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. முகத்தில் ஏதோ ஒன்று விலகியதுபோல இருந்தது. திரும்புவதற்காகக் காலை எடுத்தாள்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜெசிந்தாவுக்குக் கண்ணீர் வழிந்தது. இந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தையாவது ஆறுதல் சொல்லாமல் எப்படி அனுப்புவது என்று நினைத்தாள். மைக்கை நோக்கிக் குனிந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழிலேயே மிக மென்மையான குரலில், தாய் பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கேட்டேன், எயினி."

எயினி நின்றாள். இரண்டு கைகளும் காதுக்குப் போயின. பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவள்போல, காதை விட்டுவிட்டு வயிற்றைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.